ஹாலோவீன் பரங்கி விளக்கு: கதை சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் 31 இரவு மேற்கு நாடுகளில் கொண்டாடப்படும் ஹாலோவீனுக்குப் பரங்கிக்காயைக் குடைந்து, முகம் செதுக்கி, விளக்கு வைப்பார்கள். அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், "இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கெல்டிய மக்கள் பரங்கிக்காயில் பேய்முகம் செதுக்கினார்கள்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றத் தொடங்கிவிடும். அதற்கு வாய்ப்பே இல்லை. பரங்கி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492இல் கொலம்பஸ் கடல் கடந்த பிறகுதான் ஐரோப்பா அதைப் பார்த்தது.

கெல்டிய மரபு வேரூன்றிய அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் குடைந்தது டர்னிப் கிழங்கை. டொனகால் பகுதியின் ஃபின்டவுனிலிருந்து வந்த ஒரு டர்னிப் விளக்கின் வார்ப்பு, அயர்லாந்தின் மேயோ மாவட்டத்திலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பள்ளம் விழுந்த கண்கள், உடைந்த பற்கள், சுருங்கிய தோல் என்று செத்த மனிதனின் தலையைப் போலவே இருக்கும். இன்றைய கடைப் பரங்கியின் சிரித்த முகத்தை மட்டும் பார்த்துவிட்டு இந்த வழக்கத்தை எழுதுபவர்கள், அதிலிருந்த அச்சத்தையே தவறவிடுகிறார்கள்.

ஹாலோவீனின் வேராகச் சொல்லப்படும் சௌவின் என்ற கெல்டியத் திருவிழா மிகப் பழையது, உண்மை. ஆனால் அந்த இரவில் முகம் செதுக்கிய விளக்கு ஏற்றியதற்கு நமக்குக் கிடைக்கும் பதிவுகள் 19ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. இரண்டையும் ஒரே வயதாக்கக் கூடாது.

அடுத்த தவறு, அயர்லாந்து நாட்டுப்புறக் கதையில் வரும் கஞ்சன் ஜாக்கின் கதையை வரலாறாகச் சொல்வது. சாத்தானை மரத்தில் ஏற்றி, அடிமரத்தில் சிலுவை கீறி இறங்கவிடாமல் செய்கிறான் ஜாக். "உன் உயிரைத் தொடமாட்டேன்" என்று வாக்கு வாங்கிய பிறகே விடுகிறான். செத்தபின் சொர்க்கம் சேர்க்கவில்லை. கொடுத்த வாக்கால் நரகமும் கதவைச் சாத்திவிட்டது. சாத்தான் எறிந்த தணலை டர்னிப்புக்குள் வைத்துக்கொண்டு இன்றும் அலைகிறானாம். அருமையான கதை! சதுப்பு நிலத்தில் இரவில் மினுங்கும் ஒளிக்கு அந்த மக்கள் சொன்ன விளக்கம் இது. நம் ஊர்க் கொள்ளிவாய்ப் பிசாசும் அப்படிப் பிறந்ததுதான். விளக்கு செதுக்கும் வழக்கம் ஜாக்கிடமிருந்து தொடங்கியது என்று சொல்லிவிட முடியாது.

1845இல் தொடங்கிய பஞ்சத்தில் கப்பலேறிய அயர்லாந்துக்காரர்கள்தான் அமெரிக்காவில் முதன்முதலில் பரங்கியைக் குடைந்தார்கள் என்பதும் பலரும் சொல்வது. ஹாலோவீனை அங்கே ஊன்றியதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் 1807இல் மாசசூசெட்ஸில் பிறந்த கவிஞர் விட்டியர், சிறுவயதில் பரங்கியில் கோர முகம் வெட்டி உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றியதைப் பாடியிருக்கிறார். பஞ்சத்துக்கு முந்தைய நினைவு அது. அவர் பாடியது ஹாலோவீனை அல்ல, நவம்பர் மாத நன்றி நவிலல் விருந்தை.