கொரிய மொழியில் வயதையும் உடல் மாற்றத்தையும் பேசிப் பழகுவது எப்படி

கொரிய மொழி கற்பவர்களில் பலர் வயது, முதுமை, உடல் மாற்றம் ஆகியவற்றுக்கான சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்துவிட்டு, வயதில் மூத்த ஒரு கொரியரின் எதிரே உட்காரும்போது பேச்சு வராமல் தவிக்கிறார்கள். சொல் தெரிந்திருந்தும், அதை யாரிடம் சொல்லலாம், எந்த வினைமுடிவோடு சொல்ல வேண்டும் என்பது தெரியாததே இதற்குக் காரணம். ஆகவே இச்சொற்களைத் தனித்தனியாகக் கற்காமல், ஒருவர் இன்னொருவரிடம் கேட்கும் கேள்வியாகவும் விசாரிப்பாகவும் முழு வாக்கியங்களிலேயே கற்பது நல்லது.

இக்கட்டுரையில் கொரியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். இவற்றில் ‘ஒ’ என்ற குறில் வருமிடத்தில் உதட்டைக் குவிக்காமல் வாயைத் திறந்து ஒலிக்க வேண்டும். ‘ஓ’ என்ற நெடில் வருமிடத்தில் உதடு குவிய வேண்டும். ‘பாட்டு’, ‘காடு’ ஆகிய சொற்களின் இறுதியில் நாம் ஒலிக்கும் குற்றியலுகரம் கொரிய மொழியிலும் ஒரு தனி உயிராகவே இருப்பதால் அந்த ஒலி நமக்குத் தடையாக இராது. ஆயினும் தமிழ் எழுத்தோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு சொல்லையும் ஹங்குல் எழுத்திலும் ஒலிப்பதிவிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வயதைக் கேட்கும் முறை. குழந்தையிடம் ‘ம்யொச் சரியேயோ’ என்று கேட்கலாம். ஏறக்குறைய நம் வயதுடையவரிடம் ‘நா-இகா ஒத்தொக்கே த்வேசெயோ’ என்பது பொருத்தம். பெரியவரிடம் ‘நா-இ’ என்ற சொல்லையே தவிர்த்து, ‘யொன்செகா ஒத்தொக்கே த்வேசெயோ’ என்று கேட்க வேண்டும். இந்த மூன்றையும் மாற்றிப் பயன்படுத்துவது தாத்தாவிடம் ‘உனக்கு என்ன வயசு?’ என்று கேட்பதற்குச் சமம் என்பதைத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் உள்ள கொரிய ஆலைகளில் பணிபுரிபவர்கள், அறிமுகமான சில நிமிடங்களுக்குள் இக்கேள்வி தம்மிடம் வருவதைக் கவனித்திருப்பார்கள். ஒருவரை எந்த உறவுச்சொல்லால் அழைப்பது, எந்த மரியாதை வடிவில் பேசுவது என்பதெல்லாம் வயதை அறிந்த பிறகே முடிவாகின்றன. அதனால் இதை அத்துமீறலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதில் சொல்வதில் எண்கள் தடுமாற வைக்கும். பேச்சில் கொரிய மொழியின் சொந்த எண்களோடு ‘சல்’ சேரும். அறிவிப்புகளிலும் படிவங்களிலும் சீனவழி எண்களோடு ‘செ’ சேரும். முப்பத்திரண்டு வயது பேச்சில் ‘சொருன் து சல்’. எழுத்தில் ‘சம்ஷிபி செ’. எனவே யொல், சுமுல், சொருன், மஹுன், ஷ்வின், யேசுன், இல்ஹுன், யொதுன், அஹுன் என்று பத்து முதல் தொண்ணூறு வரையிலான சொந்த எண்களை வீட்டிலுள்ளோரின் வயதோடு பொருத்திச் சொல்லிப் பழகுங்கள். இவற்றில் இருபது மட்டும் ‘சல்’லுக்கு முன் ‘சுமு’ என்று குறுகும். ‘செ’ பழகுவதற்கு சியோல் சுரங்க ரயில் நல்ல இடம். 65 வயது நிறைந்தவர்களுக்கு அங்கே கட்டணமில்லை என்பதால் ‘மன் யுக்ஷிபோ செ இசாங்’ என்ற தொடர் அறிவிப்புகளில் கண்ணில் படும். முதியோருக்கும் உடல்நலம் குன்றியோருக்கும் ஒதுக்கிய இருக்கைகளுக்கு ‘நோயக்ஜசொக்’ என்று பெயர்.

மேற்கண்ட தொடரில் உள்ள ‘மன்’ என்பது நிறைந்த வயதைக் குறிக்கும். மரபான கணக்கில் குழந்தை பிறக்கும்போதே ஒரு வயது. பிறகு ஒவ்வொரு சனவரி முதல் நாளிலும் எல்லோருக்கும் ஒரு வயது கூடும். டிசம்பர் 31-இல் பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு வயது. 2023 ஜூன் 28 முதல் சட்டமும் நிர்வாகமும் நிறைந்த வயதையே அடிப்படையாகக் கொள்கின்றன; மது, புகையிலை விற்பனை, இராணுவப் பணி போன்ற சிலவற்றில் நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழிக்கும் முறை தொடர்கிறது. பேச்சில் பழைய கணக்கு இன்னும் மறையவில்லை. குழப்பத்தைத் தவிர்க்க எளிய வழி, ‘ம்யொன் ந்யொன்செங்-இயேயோ’ என்று பிறந்த ஆண்டைக் கேட்பதுதான். 1995-இல் பிறந்தவர் ‘குஷிபோ-ந்யொன்செங்’ என்று கடைசி இரு இலக்கங்களால் பதில் சொல்வார். இருவரும் ஒரே ஆண்டினர் என்றால் ‘தோங்காப்’ என்ற சொல் உடனே வரும், பேச்சும் இளகிவிடும்.

உடல் மாற்றத்தைப் பேசும் வாக்கியங்கள் தமிழருக்கு வியப்பூட்டும் அளவுக்கு எளியவை. நாம் ‘முடி நரைச்சிடுச்சு’, ‘வயசாயிடுச்சு’ என்று இறந்தகாலத்தில் சொல்லி இன்றைய நிலையைக் குறிப்பதைப் போலவே கொரியர்களும் சொல்கிறார்கள். ‘நுக்தா’ என்பது முதுமை அடைவதைக் குறிக்கும் வினை. ‘வயதாகிவிட்டது’ என்பதற்கு ‘நுல்கொஸ்ஸொயோ’ என்ற இறந்தகால வடிவமே வரும். இது மனிதருக்கும் விலங்குக்கும் உரியது. பழைய சட்டைக்கும் செருப்புக்கும் ‘நக்தா’ என்ற வேறு சொல் உண்டு. இரண்டும் ஒலியில் நெருங்கியவை என்பதால் கவனமாக இருங்கள்.

அடுத்து, பார்த்தவுடன் தோன்றும் வியப்பைக் காட்டும் ‘-னே’ என்ற ஈற்றைப் பழகுங்கள். நெடுநாள் கழித்துப் பார்க்கும் பையனிடம் நாம் ‘வளர்ந்துட்டியே!’ என்று ஏகாரத்தோடு சொல்வதற்கு நிகராக, அவர்கள் ‘கிகா மானி கொன்னே!’ என்பார்கள். பழைய நண்பரிடம் ‘சரி ப்பஜொன்னேயோ’ (இளைத்துவிட்டீர்களே), மூத்தவரிடம் ‘ஹனதோ அன் ப்யொன்-ஹஷொன்னேயோ’ (கொஞ்சங்கூட மாறவில்லையே) என்று சொல்லலாம். உடலுறுப்பு, அதன்பின் ‘இ’ அல்லது ‘கா’ என்ற எழுவாய் உருபு, அதன்பின் இறந்தகால வினை, முடிவில் ‘-னேயோ’ என்ற இந்த ஒரே அமைப்பில் பல சொற்களை மாற்றி மாற்றிப் பொருத்தலாம். ‘ஹின்மொரி’ நரைமுடி, இளம் வயதில் தோன்றும் நரைக்கு ‘செச்சி’, ‘ஜுரும்’ சுருக்கம்.

ஒருவருடைய நரையையோ பருமனையோ நாமே முதலில் எடுத்துச் சொல்வது சரியா என்று கேட்டால், கூடாது என்பேன். நெருங்கியவர்களிடையே அது அன்பான விசாரிப்பாகச் செல்லும். கற்பவர் வாயிலிருந்து வரும்போது தொனி தவறினால் புண்படுத்தும். அவர்கள் பேசக் கேட்டுப் புரிந்துகொள்ளவே அச்சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வதற்கு ‘ஒல்குரி ஜோவா போயிசெயோ’ (முகம் தெளிவாக இருக்கிறது) என்பது போதும்.

நான் மிகுந்த அக்கறையோடு பழகச் சொல்வது பெரியவர்களின் உடல்நலத்தை விசாரிக்கும் வாக்கியங்களை. 2024 டிசம்பரில் தென் கொரிய மக்கள்தொகையில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டார்கள்; பேசக் காத்திருக்கும் முதியவர்கள் அங்கே ஏராளம். அவர்களை நேரில் ‘நோயின்’ என்று குறிப்பிடாமல் ‘ஒருஷின்’ என்று சொல்லுங்கள். ஒரு சிறு உரையாடலைப் பாருங்கள்:

‘ஹல்மொனி, முருப்புன் ஜோம் ஒத்தொசெயோ?’ (பாட்டி, முழங்கால் எப்படி இருக்கிறது?)
‘முருப்பி சுஷொ. மோமி யேஜொன் கச்சி அன.’ (முழங்கால் குடைகிறது. உடம்பு முன்பு மாதிரி இல்லை.)
‘ஹொரிதோ அப்புசெயோ?’ (இடுப்பும் வலிக்கிறதா?)

இதில் ‘-செயோ’ என்ற மரியாதை ஈறு முழங்காலைப் பற்றிய வினையோடு சேர்ந்திருக்கிறது. தமிழில் ‘பாட்டிக்கு முழங்கால் வலிக்கிறது’ என்றே சொல்வோம். வலிக்கும் வினையில் மரியாதை சேராது. கொரிய மொழியிலோ பெரியவரின் உறுப்புக்கும் அவருக்குரிய மரியாதை உண்டு. ஆனால் உறுப்பைச் சொல்லாமல், பாட்டிக்கே உடம்பு சரியில்லை என்னும்போது ‘ப்யொன்சனுசெயோ’ என்ற தனிச்சொல் வர வேண்டும். மங்கிய பார்வைக்கு ‘நுனி சிம்சிம்-ஹெயோ’, காது மந்தமானதற்கு ‘க்விகா ஒதுவொயோ’, மறதிக்கு ‘கம்பக்கெஸ்ஸொயோ’ ஆகியவற்றையும் இதே உரையாடலில் சேர்த்துப் பழகலாம்.

பருவப் பெயர்களில் ‘சச்சுன்கி’ (பூப்புப் பருவம்), ‘ப்யொன்சொங்கி’ (குரல் உடையும் காலம்), ‘கெங்ந்யொன்கி’ (மாதவிடாய் நிற்கும் காலமும் அதையொட்டிய நடுவயது மாற்றங்களும்) ஆகிய மூன்றும் போதும். விழாப் பெயர்களில் முதல் பிறந்தநாளான ‘தோல்’, அறுபது நிறைவான ‘ஹ்வன்காப்’ ஆகியவை முக்கியம். அறுபதாண்டுச் சுழற்சி ஒன்று முடிந்து பிறந்த ஆண்டின் பெயர் திரும்புவதையே ஹ்வன்காப் கொண்டாடுகிறது. பிரபவ முதல் அட்சய வரை எண்ணி அறுபதாம் கல்யாணம் செய்யும் நமக்கு அது உடனே விளங்கும்.

பெரியவர்களோடு பேசும்போது, ‘இனி எனக்கும் வயதாகிவிட்டது’ என்று அவர்கள் சொல்லும் கட்டம் அடிக்கடி வரும். அப்போது ‘ஆமாம்’ என்று தலையாட்டாமல், ‘அனியேயோ, அஜிக் ஜொல்முசெயோ’ (இல்லை, இன்னும் இளமையாகத்தான் இருக்கிறீர்கள்) என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்கு மறுமொழியாக ‘ஜொல்மொஸ்ஸுல் த்தேனுன்…’ (இளமையில்…) என்று ஒரு கதை தொடங்கும். அதை இடைமறிக்காமல் கேட்டு, அன்றிரவே நினைவிலிருக்கும் இரண்டு வாக்கியங்களை ஹங்குலில் எழுதி வைத்து, அடுத்த சந்திப்பில் அவரிடமே காட்டித் திருத்தம் கேளுங்கள்.