கத்தியின் அலகு மட்டும் மின்ன வேண்டும்: கேம் மொடலில் பிரதிபலிப்பை இடம் பார்த்து வைப்பது

என் கேமில் வரும் வெட்டுக்கத்தியில் மூன்று பகுதிகள்: இரும்பு அலகு, பித்தளைப் பூண், மரப் பிடி. உலோகத் தன்மையைக் குறிக்கும் மெட்டாலிக் அளவை 1 ஆக்கினால் மரப் பிடியும் சேர்ந்து வெள்ளிபோல மின்னியது. 0 ஆக்கினால் அலகு திருவிழாக் கடை பிளாஸ்டிக் கத்தியாகிவிட்டது. இதைச் சரிசெய்ய எனக்கு மூன்று இரவுகள் பிடித்தன. உங்களுக்கு ஒரு மாலை போதும். நான் பயன்படுத்துபவை பிளெண்டர் (முப்பரிமாண மொடல் செய்ய), கிரீட்டா (படம் வரைய), கோடாட் 4 (கேமை ஓட்டும் எஞ்சின்). மூன்றும் இலவசம். மொடல் தயார், யூ.வி. விரித்தாயிற்று (அதாவது, மேல் படம் ஒட்டுவதற்காக மொடலின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்தாயிற்று) என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

லப்டொப்பைத் திறக்க முதல், வீட்டில் தேங்காய் வெட்டும் கத்தியை முற்றத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கத்தியில் தீட்டுகல் பட்ட விளிம்பு மட்டும், அரை விரல் அகலத்துக்கு, கண்ணைக் கூச வைக்கும். அதற்கு மேலே இரும்பு கறுத்து, இளநீர்க் கறை திட்டுத் திட்டாகப் படிந்திருக்கும். பிடியில் உள்ளங்கை அழுந்தும் இடம் மரமாக இருந்தும் வழுவழுப்பாக மின்னும். நாம் வரையப் போவது இதைத்தான்.

இரண்டு அளவுகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மெட்டாலிக் என்பது "இது உலோகமா?" என்ற கேள்வி, பதில் ஆம் அல்லது இல்லை. ரஃப்னெஸ் என்பது மேற்பரப்பின் சொரசொரப்பு. மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தை விடியற்காலையில் வாவிக் கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். காற்றில்லாத நேரம் பாலம் நீரில் அப்படியே தெரியும். காற்று எழும்பினால் உருவம் உடைந்து வெளிச்சம் மட்டும் பரவிக் கிடக்கும். தண்ணீர் அதே தண்ணீர்தான், ரஃப்னெஸ் கூடிவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம். பிளெண்டரின் யூ.வி. எடிட்டரிலிருந்து யூ.வி. லேஅவுட்டை 1024 பிக்சல் சதுரப் படமாக எடுத்து, கிரீட்டாவில் திறந்து, அதன் மேல் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள் வரையுங்கள். கறுப்பு என்றால் 0, வெள்ளை என்றால் 1, சாம்பல்கள் இடைப்பட்ட எண்கள்.

மெட்டாலிக் படத்தில் அலகும் பூணும் முழு வெள்ளை, பிடி முழுக் கறுப்பு. துருப்பிடித்த இடமும் கறுப்புத்தான், ஏனென்றால் துரு உலோகமில்லை. ரஃப்னெஸ் படத்தில் நிதானமாக விளையாடலாம்: தீட்டிய விளிம்புக்கு 0.2, கறுத்த அலகுக்கு 0.6, பிடிக்கு 0.7, உள்ளங்கை பட்ட இடத்துக்கு 0.45. இரும்பு என்றதும் பேஸ் கலரை, அதாவது அடிப்படை நிறத்தை, கருஞ்சாம்பலாக்கிவிடாதீர்கள். உலோகத்துக்கு அந்த நிறமே பிரதிபலிப்பின் நிறம். அது இருண்டால் பிரதிபலிப்பும் இருண்டுபோகும். பிளெண்டரின் ஆர்.ஜி.பி. பெட்டிகள் மூன்றிலும் சுமார் 0.56 கொடுத்தால் இரும்பு.

சிலர் ஒவ்வொரு பகுதிக்கும் தனி மெட்டீரியல் வைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. மெட்டீரியல் கூடக் கூட எஞ்சினுக்கு வேலை கூடும். அலகுக்குள்ளேயே விளிம்பையும் கறையையும் பிரித்துக் காட்டவும் அதனால் முடியாது.

இனி என் மூன்று இரவுகளையும் தின்ற படி. இரண்டு படங்களையும் பிளெண்டரில் இமேஜ் டெக்ஸ்சர் நோடுகளாக (நோட் என்பது மெட்டீரியலைக் கட்டும் பெட்டி) கொண்டுவந்து, மேற்பரப்பின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் பிரின்சிபிள்ட் நோடின் மெட்டாலிக், ரஃப்னெஸ் துளைகளில் இணைத்தேன். அலகு மின்னியது, ஆனால் பிடி மழையில் நனைந்ததுபோல இருந்தது. ரஃப்னெஸ் படத்தை வெளுப்பாக்கிக்கொண்டே போனேன். ஒருவழியாகப் பிளெண்டரில் சரியாகத் தெரிந்தது. கோடாட்டில் திறந்தால் கத்தி முழுக்கச் சுண்ணாம்பு பூசியதுபோல மங்கிக் கிடந்தது.

காரணம் இதுதான். அந்த இமேஜ் டெக்ஸ்சர் நோடுகளில் கலர் ஸ்பேஸ் என்ற பெட்டி எஸ்.ஆர்.ஜி.பி. என்று இருந்தது. அப்படியிருந்தால் பிளெண்டர் நம் படத்தை நிறமாக எண்ணி மாற்றிவிடும். நாம் வரைந்த 0.5 அதற்குச் சுமார் 0.21. கோடாட் அதே படத்தை மாற்றாமல் எண்ணாகவே வாசிக்கும். முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் இந்த மாற்றத்தில் அசையாதவை. அதனால் மெட்டாலிக் சரியாகவே தெரிந்தது, பிழை இருக்கும் இடமும் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு நோடுகளிலும் அந்தப் பெட்டியை நான்-கலர் ஆக்குங்கள். பேஸ் கலருக்கும் படம் வைத்திருந்தால், அதை மட்டும் எஸ்.ஆர்.ஜி.பி. ஆகவே விடுங்கள்.

பிறகு கோடாட் வாசிக்கும் மொடல் கோப்பு வகையான ஜி.எல்.டி.எஃப். ஆக ஏற்றுமதி செய்யுங்கள். இரண்டு படங்களையும் பிளெண்டரே ஒன்றாக்கி, ரஃப்னெஸைப் படத்தின் பச்சை அலைவரிசையிலும் மெட்டாலிக்கை நீல அலைவரிசையிலும் வைத்துவிடும். நடுவில் அளவுகளை மாற்றக் கலர் ராம்ப் நோட் வைத்திருந்தால் அதன் மாற்றம் வெளியே போகாது. அந்த மாற்றத்தைக் கிரீட்டாவிலேயே செய்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: "எல்லாம் செய்தும் அலகு கரியாகத் தெரிகிறது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். உங்கள் காட்சியில் வானம் இருக்கிறதா? உலோகம் சுற்றி உள்ளதைத்தான் காட்டும். சுற்றி ஒன்றுமில்லாவிட்டால் இருட்டைக் காட்டும். கோடாட்டின் வேர்ல்ட் என்வைரன்மென்டில் பின்னணியை ஸ்கை ஆக்கி, பாலி ஹேவன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் எச்.டி.ஆர்.ஐ. படம் (சுற்றுப்புறத்தையும் அதன் வெளிச்சத்தையும் சேர்த்துப் பிடித்த படம்) ஒன்றைப் போடுங்கள். அறைக்குள் நடக்கும் காட்சியென்றால் ரிஃப்ளெக்‌ஷன் புரோப் (சுற்றியுள்ளதைப் பிடித்துப் பிரதிபலிப்புக்குக் கொடுப்பது) ஒன்றும் வையுங்கள். அதன் புதுப்பிப்பை ஒன்ஸ் (ஒருமுறை) என்றே விடுங்கள். ஆல்வேஸ் (எப்போதும்) ஆக்கினால் பழைய லப்டொப் தாங்காது.

இன்னொன்று: தூரத்திலிருந்து பார்க்கும்போது பூணும் பிடியும் சேரும் இடத்தில் மெல்லிய மின்னல் கோடு வந்தால், யூ.வி. தீவின் (விரித்த படத்தில் தனித்துக் கிடக்கும் துண்டின்) எல்லையோடு வரைவதை நிறுத்தியிருக்கிறீர்கள். எல்லைக்கு வெளியேயும் 8 பிக்சல் வரை அதே நிறத்தை இழுத்துவிடுங்கள். இரண்டு தீவுகளுக்கு நடுவே 16 பிக்சல் இடைவெளி இல்லாவிட்டால், முதலில் யூ.வி.யில் அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு வரையுங்கள்.