உண்ணி பிடித்த நாய்க்கு நாம் செய்யும் தவறுகள்

நாய் மேல் உண்ணியைப் பார்த்ததும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: பிடித்து உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவது, ஷாம்பு போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டுவது, அதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவது. சில நாளில் பார்த்தால் காது மடலுக்குள் மறுபடியும் கொத்தாக உட்கார்ந்திருக்கும். தெருநாயிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்போம். பல நேரம் அது வந்தது நம் வீட்டுச் சுவரிலிருந்து.

நம் ஊர் நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி குஞ்சாக ஒரு தடவை, கொஞ்சம் வளர்ந்து ஒரு தடவை, முழு வளர்ச்சியில் ஒரு தடவை என்று ரத்தம் குடித்து, ஒவ்வொரு தடவையும் வயிறு நிறைந்ததும் நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசல், கதவு நிலை, நாய் படுக்கும் சாக்கின் மடிப்பு என்று எங்காவது போய்ப் பதுங்கிக்கொள்ளும். முட்டையிடுவதும் அங்கேதான். சாம்பல் நிறத்தில் உப்பியிருக்கும் பெண் உண்ணி ஒன்றே ஆயிரக்கணக்கில், 4000 வரைகூட முட்டையிடும். பதுங்கியிருக்கும் உண்ணிகள் சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதனால் நாய்க்கு மருந்து போடும் அதே நாளில் படுக்கையைக் கொதிநீரில் அலசி, விரிசல்களைச் சிமென்ட் வைத்து அடைக்க வேண்டும், சில வாரங்களுக்கு விடாமல் மூலைகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிடுங்கும்போது விரலால் நசுக்காதீர்கள், அதன் உடம்பில் இருக்கும் கிருமி உங்கள் கையில் படும். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போட்டுவிடுங்கள். கழுத்துப் பட்டைக்கு அடியிலும் கால் விரல் இடுக்கிலும் பார்க்க மறந்துவிடுகிறோம், அங்கேதான் நிறைய இருக்கும்.

அடுத்தது, எனக்குக் கோபம் வரும் விஷயம்: மண்ணெண்ணெய், ஃபினாயில், கற்பூர எண்ணெய். நாய் தன் உடம்பை நக்கும், இல்லையா? தோல் வெந்துபோவது ஒரு பக்கம், நக்கியது உள்ளே போய் விஷமாவது இன்னொரு பக்கம். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை மூடிக் கணக்கில் கலந்து ஊற்றுவதும் அப்படித்தான், எச்சில் ஒழுகி உடம்பு நடுங்க ஆரம்பித்தால் நேரம் மிகக் குறைவு. நாய்க்கென்றே மாத்திரை இருக்கிறது, கழுத்தில் விடும் சொட்டு மருந்து இருக்கிறது, எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். வலிப்பு வந்த நாய் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொட்டு மருந்து விட்டால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம். நாயின் மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது, சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

சரி, உண்ணியால் வரும் காய்ச்சலுக்கு வருவோம். உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் எர்லிக்கியா என்ற கிருமியால் வரும் காய்ச்சல் தலைகாட்டும். அதற்குள் உண்ணி எல்லாம் எடுத்தாகிவிட்டிருக்கும், அதனால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும், கேட் சத்தம் கேட்டாலும் எழுந்திருக்காது. வெயிலுக்குச் சோர்ந்து கிடக்கிறது என்று நாமும் விட்டுவிடுவோம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. வெப்பமானி இருந்தால் வையுங்கள், 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பு, மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் சொல்ல முடியாது.

நமக்கு வாங்கிய காய்ச்சல் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். இந்த நோயில் ரத்தத் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும், அதன் மேல் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போனால் குடலில் ரத்தம் கசியும். பாராசிட்டமாலும் அளவு தாண்டினால் கல்லீரலைக் கெடுக்கும்.

மருத்துவர் இந்தக் கிருமியைக் கொல்லும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதினால் வழக்கமாக 28 நாள் கொடுக்கச் சொல்வார். நாலாவது நாளே நாய் வாலாட்டிக்கொண்டு சாப்பிட வரும், அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கிருமி உடம்பிலேயே தங்கி, மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைத் தாக்கினால் அப்போது மீட்பது ரொம்பக் கஷ்டம். மாத்திரையைப் பாலில் கலக்காமல் சோற்றோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும். ஒழுங்காகக் கொடுத்தும் ஈறு வெளுப்பாகவே இருந்தால் உண்ணி வழியே வரும் இன்னொரு ரத்த நோயான பபீசியாவும் இருக்கிறதா என்று ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு மருந்தே வேறு.