தேர்தல் முடிவும் தெருச் செலவும் ஒரே கூட்டத்தில்: மினசோட்டா சிறு நகரங்களில் சொத்து வைத்திருப்பவர்களுக்கு

மினசோட்டாவின் சிறு நகரம் ஒன்றில் வீடோ கடையோ வாங்கியிருக்கிறீர்களா? நவம்பர் மாத நகர மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவை மட்டும் தவறாமல் எடுத்துப் பாருங்கள். இரட்டைப்படை ஆண்டுகளில் அதில் "தேர்தல் முடிவுகளை கேன்வாஸ் செய்தல்", அதாவது ஓட்டுக் கணக்கைச் சரிபார்த்து முடிவை அறிவித்தல், என்று ஒரு வரி இருக்கும். அதற்குச் சற்றுக் கீழே "டவுன்டவுன் தெரு மேம்பாட்டுக்கு உத்தரவிடும் தீர்மானம்" என்று இன்னொரு வரி வர வாய்ப்பு உண்டு. முதல் வரி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். உங்கள் பாக்கெட்டைத் தொடுவது இரண்டாவது. ஆனால் இரண்டாவது எப்போது, எத்தனை ஓட்டில் நிறைவேறும் என்பதை முதல் வரியை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இங்கே சொல்வது மாநிலச் சட்டத்தின்படியே இயங்கும் பொதுவான ஸ்டாட்யூட்டரி நகரங்களுக்கானது. சொந்த சார்ட்டர் (தனக்கென்று எழுதிக்கொண்ட அமைப்புச் சட்டம்) வைத்திருக்கும் நகரங்களில் பதவியேற்கும் நாள், ஓட்டுக் கணக்கு முதலியவை மாறலாம். எந்த வகை என்று நகர அலுவலகப் பதிவுகளைக் கவனிக்கும் சிட்டி கிளார்க்கிடம் ஒரு போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.

கேன்வாஸில் என்ன நடக்கும்

தமிழ்நாட்டில் வாக்கு எண்ணும் மையத்திலேயே தேர்தல் நடத்தும் அலுவலர் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவார். இங்கே தேர்தல் இரவு டிவியில் வருவது அதிகாரபூர்வமான முடிவு அல்ல. தேர்தலுக்குப் பிறகு மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே நகர மன்றமே கேன்வாஸ் வாரியமாக உட்கார்ந்து முடிவை அறிவிக்க வேண்டும். 2024-இல் தேர்தல் நவம்பர் 5. ஆகவே கேன்வாஸ் நவம்பர் 8 முதல் 15-க்குள். நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே விடுமுறை என்பதால் அன்று கூட்டம் நடத்த முடியாது. வழக்கமான கூட்டம் இந்த இடைவெளிக்குள் விழாத ஊர்களில் இதற்கென்றே ஒரு சிறப்புக் கூட்டம் போடுவார்கள்.

உறுப்பினர்கள் முன் வைக்கப்படுவது வாக்குச்சாவடிச் சுருக்கப் பட்டியல். அதை நீங்களும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, கையெழுத்துப் போட்டு ஓட்டளித்தவர்களின் எண்ணிக்கையும் எண்ணப்பட்ட ஓட்டுச்சீட்டுகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்பது. அடுத்து, பெயரை எழுதிப் போட்ட ஓட்டுகள். சின்ன ஊர்களில் சில பதவிகளுக்கு யாருமே மனுச் செய்யாமல், எழுதிப் போட்ட பெயரே ஜெயிப்பதும் உண்டு. எழுத்துப்பிழை இருந்தாலும் வாக்காளர் யாரை நினைத்தார் என்பது தெளிவாக இருந்தால் அந்த ஓட்டு செல்லும்.

கேன்வாஸ் என்பது கணக்கை ஒப்புக்கொள்வது, அவ்வளவுதான். பிடிக்காத முடிவை மன்றம் தள்ளிவைக்கவோ ஒரு சாவடியின் ஓட்டுகளை நிராகரிக்கவோ முடியாது. "அந்த வார்டில் தில்லுமுல்லு" என்று மைக்கில் கத்திப் பயனில்லை. அதற்குக் கேன்வாஸ் முடிந்த ஏழு நாளுக்குள் கோர்ட்டில் தேர்தல் வழக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பதிவான ஓட்டுகள் 400-க்குள் என்றால் 10 ஓட்டோ அதற்குக் குறைவாகவோ வித்தியாசம் இருந்தாலும், 400-க்கு மேல் 50,000 வரை என்றால் அரை சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலும், தோற்றவர் பொதுச் செலவிலேயே மறு எண்ணிக்கை கேட்கலாம். வாய்மொழியாகக் கேட்டால் செல்லாது, எழுத்தில் கொடுக்க வேண்டும். சமமாக வந்தால் குலுக்கல்தான். காசு சுண்டுவதும் சீட்டு எடுப்பதும் சட்டப்படியே நடக்கும்.

வழக்குக் கெடு தீர்ந்த பிறகுதான் கிளார்க் வெற்றிச் சான்றிதழ் கொடுப்பார். புதியவர்கள் நாற்காலியில் உட்காருவது ஜனவரி முதல் திங்கட்கிழமை. அதுவரை ஓட்டுப் போடுவது பழைய மன்றம். தோற்றுப்போனவரும் இனி நிற்கப்போவதில்லை என்றவரும் அதில் இருப்பார்கள். உங்கள் தெருத் தீர்மானம் நவம்பரில் வருகிறதா ஜனவரிக்குப் பிறகு வருகிறதா என்பது இதனால்தான் முக்கியம்.

ஐந்தில் நான்கு

தெருவைத் தோண்டிப் போட்டு அந்தச் செலவில் ஒரு பங்கை ஓரத்துச் சொத்துக்காரர்கள் தலையில் கட்டுவதற்குப் பெயர் ஸ்பெஷல் அசெஸ்மென்ட். மாநிலச் சட்டத்தின் 429-ஆம் அத்தியாயம் இதற்கான வழிமுறையைப் படிப்படியாகச் சொல்கிறது. மன்றம் தானாக ஒரு திட்டத்தைத் தொடங்கினால், உத்தரவிடும் தீர்மானத்துக்கு மன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கு ஓட்டு வேண்டும். மேயரையும் சேர்த்து ஐந்து பேர் ஓட்டுப் போடும் மன்றம் என்றால் நாலு ஓட்டு, ஏழு பேர் என்றால் ஆறு. வந்திருப்பவர்களில் அல்ல, மொத்தத்தில். ஆகவே ஒருவர் வராமல் இருந்தாலே அது எதிர் ஓட்டுக்குச் சமம்.

தெருவை ஒட்டிய சொத்துகளின் முகப்பு நீளத்தில் 35 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருப்பவர்கள் மனுவில் கையெழுத்திட்டுவிட்டால் சாதாரணப் பெரும்பான்மையே போதும். ஐந்து பேர் மன்றத்தில் மூன்று. "ரோடு நல்லா வரணும்னு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று பக்கத்துக் கடைக்காரர் பேப்பரை நீட்டும்போது, உங்கள் கையெழுத்து என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். எல்லாச் சொத்துக்காரர்களும் கையெழுத்திட்டு முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டால் ஹியரிங்கே (மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம்) தேவையில்லை. அப்பீல் உரிமையை விட்டுக்கொடுக்கும் வரி அந்தப் பேப்பரில் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மேம்பாட்டு ஹியரிங் நடத்தும் முன், பத்திரிகையில் ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை அறிவிப்பு வர வேண்டும். இரண்டாவது அறிவிப்புக்கும் ஹியரிங்குக்கும் இடையே குறைந்தது மூன்று நாள். வீட்டுக்கு வரும் தபால் பத்து நாள் முன்னதாக. அந்தத் தபால் கவுண்டியின் வரிப் பதிவேட்டில் உள்ள முகவரிக்குப் போகும். வாங்கும்போது கொடுத்த பழைய அபார்ட்மென்ட் முகவரியே அதில் கிடந்தால், ஹியரிங் முடிந்து பில் வரும்போதுதான் விஷயம் தெரியும். வாடகைக் கடைக்காரருக்கு நோட்டீஸே வராது, ஆனால் லீஸில் வரி எல்லாம் வாடகைதாரர் பொறுப்பு என்று எழுதியிருந்தால் பணம் அவர் கட்ட வேண்டியிருக்கும். லீஸை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

ஹியரிங் முடிந்த பின் உத்தரவிடும் தீர்மானத்தை ஆறு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நிறைவேற்றலாம். அக்டோபர் நடுவில் ஹியரிங் நடந்தால் ஏப்ரல் நடு வரைக்கும் நேரம். தேர்தல் முடிவு தெரிந்த கையோடு இதைக் கணக்குப் போடுங்கள். பழைய மன்றத்தில் நாலு ஓட்டு உறுதி, புதியவர்களில் இருவர் எதிர்ப்பு என்றால், திட்டத்தை விரும்புபவர்கள் டிசம்பருக்குள் முடிக்கத் துடிப்பார்கள். எதிர்ப்பவர்கள் ஜனவரிக்குத் தள்ளச் சொல்வார்கள். இரண்டும் சட்டத்துக்கு உட்பட்டதே. தள்ளிவைப்பதற்கும் ஒரு விலை உண்டு. இந்த ஊர்க் குளிரில் தெரு வேலை மே முதல் அக்டோபர் வரைதான். குளிர்காலத்தில் டெண்டர் விட்டால் காண்ட்ராக்டர்கள் அந்த ஆண்டு வேலையைப் பிடிக்கப் போட்டி போடுவார்கள், விலை இறங்கும். ஏப்ரல் கடைசியில் விட்டால் கை நிறைய வேலை வைத்திருப்பவர் கேட்ட விலைதான்.

ஃபீஸிபிலிட்டி ரிப்போர்ட்டை எங்கிருந்து படிப்பது

நகர இன்ஜினியரின் இந்த ரிப்போர்ட் திட்டம் தேவையா, செலவுக்குத் தகுமா, செய்ய முடியுமா என்று சொல்ல வேண்டும். பங்கு பிரிக்கும் முறையும் அதில் இருக்க வேண்டும். முன்பக்கப் படங்களையும் மரம், விளக்கு, பெஞ்ச் வரைபடங்களையும் தள்ளிவிட்டு நேராகப் பூமிக்கு அடியில் போங்கள். டவுன்டவுன் தெருவை முழுக்கத் தோண்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் மேலே இருக்கும் தார் அல்ல, கீழே இருக்கும் பழைய வார்ப்பிரும்புக் குழாயும் களிமண் சாக்கடைக் குழாயும்தான். மினசோட்டாவில் தண்ணீர்க் குழாய் உறைந்துபோகாமல் இருக்க ஏழெட்டு அடி ஆழத்தில் கிடக்கும். அதைத் தொட்டால் தெரு முழுதும் திறந்தாக வேண்டும். சாக்கடைக்குள் கேமரா விட்டு எடுத்த பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். குழாய் நன்றாக இருந்தால் மேல் தாரைச் சீவி எடுத்துப் புதுத் தார் போட்டாலே போதுமா என்ற கேள்வியை அப்போதுதான் எழுப்ப முடியும்.

அடுத்தது கணக்கு. பெரும்பாலும் முகப்பு அடிக்கு இவ்வளவு என்று போடுவார்கள். உதாரணத்துக்கு அடிக்கு 140 டாலர் என்று வையுங்கள். 25 அடி முகப்புள்ள கடைக்கு 3,500 டாலர். மூலைக் கடைக்கு மெயின் ஸ்ட்ரீட்டில் 25 அடி, குறுக்குத் தெருவில் 140 அடி. இரண்டையும் முழுதாகக் கூட்டினால் 165 அடி, 23,100 டாலர். பக்கத்துக் கடையும் மூலைக் கடையும் ஒரே மாதிரி வியாபாரம், ஒரே மாதிரி கட்டடம், பில் மட்டும் ஆறு மடங்குக்கு மேல். மூலைச் சொத்துக்குப் பக்கவாட்டு நீளத்தில் தள்ளுபடி தரும் கொள்கை பல நகரங்களில் எழுத்தில் இருக்கும். ரிப்போர்ட் அதைக் கடைப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், இது அடிக்கடி விட்டுப்போகும் இடம்.

"ஏன் எங்களிடம் வாங்குகிறீர்கள், நகரமே கட்டலாமே" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. மக்கள் ஓட்டெடுப்பு இல்லாமல் நகரம் பாண்ட் (கடன் பத்திரம்) வெளியிட வேண்டுமென்றால், செலவில் குறைந்தது 20 சதவீதம் சொத்துக்காரர்களிடம் அசெஸ் செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்த 20-ஐ மன்றம் எளிதில் விடாது. அதற்கு மேல் 30, 40 என்று போகும் பகுதியில்தான் பேரம் பேச இடம்.

வாசற்படி

கடை வைத்திருப்பவர்கள் வரைபடத்தில் கட்டாயம் அளக்க வேண்டியது வாசல் மட்டம். தாரைச் சீவிப் புதிதாகப் போட்டாலே மாற்றுத்திறனாளிகளுக்கான சரிவுப் பாதைகளை மூலைகளில் சரிசெய்தாக வேண்டும் என்பது கூட்டரசு விதி. அந்தச் சரிவு 12 அடிக்கு 1 அடிக்கு மேல் இருக்கக் கூடாது. நடைபாதையின் குறுக்குச் சரிவு சுமார் 2 சதவீதம் வரைதான். உங்கள் வாசலுக்கும் தெரு விளிம்புக்கும் 10 அடி என்றால் அந்தப் பத்து அடியில் 2.4 அங்குலம்தான் இறக்கலாம். இப்போதைய வாசற்படி விளிம்பைவிட 5 அங்குலம் உயரம் என்று வையுங்கள். மீதி 2.6 அங்குலத்தை என்ன செய்வார்கள்? வாசலில் படி வரும், அல்லது கடைக்குள்ளேயே தரையை இறக்க வேண்டி வரும். தெரு மட்டத்தை உயர்த்தினால் நிலைமை தலைகீழ், மழைநீர் கடைப் பக்கம் ஓடும். உங்கள் கதவுக்கு நேரே பழைய மட்டம், புதிய மட்டம் இரண்டையும் எண்ணாகக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய கட்டடங்களில் நடைபாதைக்கு அடியில் கரி கொட்டும் அறை இருந்திருக்கும். மேலே கண்ணாடிக் கட்டமோ இரும்பு மூடியோ தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அது வரைபடத்தில் இல்லையென்றால் ரோலர் ஓடும் நாளில்தான் தெரியவரும், கூடுதல் செலவு யார் தலையில் என்ற சண்டையும் அன்றே. பேஸ்மென்ட்டில் இறங்கித் தெருப் பக்கச் சுவரைப் பார்த்துவிட்டு, முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிரதானக் குழாயிலிருந்து உங்கள் கட்டடத்துக்கு வரும் இணைப்புக் குழாய் ஈயமா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஈயக் குழாய்களை மாற்ற மாநிலம் 2023-இல் 24 கோடி டாலர் ஒதுக்கியது. தெரு திறந்திருக்கும்போது மாற்றுவது, மூடிய பிறகு மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு.

இரண்டாவது ஹியரிங்

அதிகம் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். உங்கள் பங்கு எவ்வளவு என்று முடிவுசெய்யும் அசெஸ்மென்ட் ஹியரிங் தனி. அதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு தபால் வரும். அங்கே மைக்கில் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் அது மறுப்பாகக் கணக்கில் வராது. கையெழுத்திட்ட எழுத்து மறுப்பை, ஹியரிங்குக்கு முன் கிளார்க்கிடமோ ஹியரிங்கில் தலைமை வகிப்பவரிடமோ கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அப்பீல் கதவு அடைபட்டுவிடும்.

கடிதம் ஒரு பக்கம் போதும். உங்கள் பெயர், சொத்தின் பார்சல் எண் (வரிப் பதிவேட்டில் அந்த மனைக்குள்ள எண்), திட்டத்தின் பெயர், நகரம் போட்டிருக்கும் தொகை, அந்தத் தொகை இந்தச் சொத்துக்குக் கிடைக்கும் பலனைவிட அதிகம் என்ற மறுப்பு, தேதி, கையெழுத்து. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் இருந்தால் இருவரும் கையெழுத்திடுங்கள். ஈமெயிலை நம்ப வேண்டாம். இரண்டு நகல் கொண்டுபோய், ஒன்றில் கிளார்க்கின் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

"வசதியில்லை", "ரோடு கேட்டோமா" என்ற வாதங்கள் கோர்ட்டில் எடுபடாது. அசெஸ்மென்ட் தொகை, மேம்பாட்டால் சொத்தின் சந்தை மதிப்பில் ஏறும் தொகையைத் தாண்டக் கூடாது என்பதுதான் அளவுகோல். ஆகவே தொகை பெரிதாக இருந்தால் ஒரு மதிப்பீட்டாளரிடம் முன்-பின் மதிப்பு எழுதி வாங்குங்கள். 3,500 டாலர் பில்லுக்கு இந்தச் செலவு தகாது, 23,100-க்குத் தகலாம். தீர்மானம் நிறைவேறிய 30 நாளுக்குள் மேயரிடமோ கிளார்க்கிடமோ அப்பீல் நோட்டீஸ் சேர்ப்பித்து, சேர்ப்பித்த 10 நாளுக்குள் மாவட்டக் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டில் எது தப்பினாலும் முடிந்தது.

அப்பீல் வேண்டாம் என்று முடிவெடுத்தால், அதே 30 நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டினால் வட்டி கிடையாது. இல்லாவிட்டால் தவணையாகச் சொத்து வரியோடு சேர்ந்து வரும், வட்டி விகிதம் தீர்மானத்திலேயே இருக்கும். குடியிருக்கும் சொந்த வீடாக இருந்து, உரிமையாளர் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவராகவோ நிரந்தர முழு ஊனமுற்றவராகவோ இருந்தால் தொகையைத் தள்ளிவைக்க நகரம் அனுமதிக்கலாம். இது தானாக வராது, உங்கள் நகரத்தில் அந்த ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். தள்ளிவைத்த தொகைக்கு வட்டி ஏறுமா என்பதையும், வீட்டை விற்கும்போது மொத்தமாகக் கட்ட வேண்டுமா என்பதையும் கையெழுத்திடும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.