லூபஸ் உள்ளவருக்குத் திடீரெனப் பார்வை மங்கினால்

உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்களான லூபஸ், ஷோக்ரன் நோய், மயஸ்தீனியா கிரேவிஸ் ஆகியவற்றுள் ஒன்று ஏற்கெனவே உள்ளவருக்குக் கண்ணை அசைக்கும்போது வலியும் பார்வை மங்கலும், அல்லது கால் மரத்துப்போய்ச் சிறுநீர் அடைபடுவதும் தோன்றினால், பழைய நோயின் தொல்லைதான் என்று காத்திராமல் அன்றே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் எதிர்ப்பாற்றலே தாக்கும் நியூரோமைலிடிஸ் ஆப்டிகா என்ற நோயாக இருக்கக்கூடும். நாள்கணக்கில் நிற்காத விக்கலையும் வாந்தியையும் மறவாமல் சொல்லுங்கள். வயிற்றுக் கோளாறு என்று எளிதில் விடப்படும் அறிகுறி இது.

இந்நோயைக் காட்டிக்கொடுக்கும், 2004இல் அடையாளம் காணப்பட்ட அக்வாபோரின்-4 எதிர்ப்பொருளுக்கான (அக்வாபோரின்-4 என்ற புரதத்தைத் தாக்கும் பொருள்) இரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். செல்களைக் கொண்டு சோதிக்கும் (செல் அடிப்படையிலான) முறைதான் கூடுதல் நம்பகமானது. எம்.ஆர்.ஐ. படத்தில் தண்டுவட அழற்சி 3 முள்ளெலும்புகளின் நீளத்துக்கோ அதற்கு மேலோ பரவியிருந்தால் இந்நோய் என்ற ஐயம் வலுக்கும். ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.