எதையும் கிளிக் செய்யாமலே வைரஸ் வருவது எப்படி? கம்ப்யூட்டரின் ஓட்டைகளை அடைக்கும் வழி

“நான் எதையும் டவுன்லோட் பண்ணவே இல்லையே, அப்புறம் எப்படி வைரஸ் வந்தது?” ஜெராக்ஸ் கடையோ பிரவுசிங் சென்டரோ நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அவர்கள் சொல்வது உண்மைதான். ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும், மற்றதெல்லாம் நம் கண்ணில் படாமல் சில நொடிகளில் முடிந்துவிடலாம். சென்னையில் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போட வருகிறவரின் ஆதாரும் சான்றிதழும் இந்தக் கடைக் கம்ப்யூட்டர்கள் வழியாகத்தான் போகின்றன. அதனால் கடைக்காரர்களும், ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் வாங்கும் மாணவர்களும் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

பிரவுசர் மிகப் பெரிய மென்பொருள். அதில் பிழைகள் இருந்தே தீரும். பெரும்பாலான பிழைகளால் பிரவுசர் நின்றுபோகும், அவ்வளவுதான். சில பிழைகள் ஆபத்தானவை. ஒரு படத்தைக் காட்டுவதற்கு நினைவகத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கப்படுகிறது என்று வையுங்கள். வேண்டுமென்றே கோணலாகத் தயாரித்த ஒரு படம் அந்த இடத்தைத் தாண்டி வழிந்து, பக்கத்தில் இருக்கும் தகவலின் மேல் எழுதிவிடும். எதை எழுதுவது என்பதைத் தாக்குபவர் தீர்மானிக்க முடிந்தால், அவருடைய கட்டளை உங்கள் கம்ப்யூட்டரில் ஓடத் தொடங்கும். 2023 செப்டம்பரில் வெப்பி (WebP) வகைப் படங்களைக் கையாளும் நிரலில் இதே மாதிரி ஓட்டை இருப்பது தெரியவந்து, குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டுமே அவசர அப்டேட் கொடுத்தன. படத்தைப் பார்ப்பதே ஆபத்து என்ற நிலை!

தாக்குதல் தொடங்கும் இடம் பெரும்பாலும் ஒரு சாதாரணத் தளம். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் உருவாக்கி, அப்டேட் செய்யாமல் விட்ட தளத்துக்குள் புகுந்து இரண்டு வரி நிரலை ஒட்டிவிடுவார்கள், அல்லது விளம்பரத்துக்குள் ஒளித்து வைப்பார்கள். 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற தளங்களில் வந்த விளம்பரங்கள் வழியாகவே இப்படி நடந்தது. “கண்ட கண்ட சைட்டுக்குப் போகாதே” என்ற அறிவுரை மட்டும் ஏன் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அந்த வரிகள் உங்கள் பிரவுசரைச் சத்தமில்லாமல் வேறொரு சர்வருக்குத் திருப்பிவிடும். அங்கே காத்திருப்பது எக்ஸ்பிளாய்ட் கிட். சாவிக்கொத்தோடு வரும் திருடனைப் போல, எந்தப் பிரவுசர், எந்தப் பதிப்பு, எந்த விண்டோஸ் என்று பார்த்து, பொருந்தும் சாவியை எடுப்பதுதான் அதன் வேலை. இந்தக் கிட்களை உருவாக்குபவர்கள் மற்ற குற்றவாளிகளுக்கு வாடகைக்கும் விட்டார்கள். பிளாக்ஹோல் என்ற கிட்டை உருவாக்கியவர் 2013இல் ரஷ்யாவில் கைதானார். அந்த இடத்தை ஆங்லர் என்ற கிட் பிடித்தது. சாவி பொருந்தினால் பாஸ்வேர்டு திருடும் நிரலோ, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரோ இறங்கும். பொருந்தாவிட்டால் ஒன்றும் நடக்காது. கீழே சொல்லும் வேலைகள் எல்லாமே சாவி பொருந்தாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான்.

படி 1: உங்கள் விண்டோஸ் எது என்று பாருங்கள்

விண்டோஸ் 10, 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் தெரியும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அதில் ஓடும் கடைசி குரோம் 109. அதற்கு மேல் குரோம் ஏறாது. அதாவது 2023க்குப் பிறகு குரோமில் கண்டுபிடித்து அடைத்த ஓட்டைகளில் எதுவும் அந்தக் கம்ப்யூட்டரில் அடைபடவில்லை. பழைய தமிழ் எழுத்துருவுக்காகவும் பேஜ்மேக்கருக்காகவும் விண்டோஸ் 7ஐ விடாமல் வைத்திருக்கும் டிடிபி கடைகள் உண்டு. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கொடுக்காதீர்கள்.

விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறுவதற்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை சிப்பாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய லேப்டாப் வாங்கும்போது ரேம் எவ்வளவு என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள். ஏறாத லேப்டாப் ஏற்கெனவே கையில் இருந்தால் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. கிராக் செய்த விண்டோஸ் போட்டுக் கொடுப்பவர்கள், கிராக் போய்விடக்கூடாது என்று அப்டேட்டையே நிறுத்தி வைப்பதுண்டு. வாங்கியதும் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

படி 2: பிரவுசரை அப்டேட் செய்து, மூடித் திறங்கள்

குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ஹெல்ப், அபவுட் கூகுள் குரோம் என்று போங்கள். அப்டேட் இருந்தால் தானாக இறங்கும். ரீலாஞ்ச் பட்டன் வந்தால் அழுத்துங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் செய்வதில்லை. அப்டேட் இறங்கியிருந்தாலும், பிரவுசரை மூடித் திறக்கும்வரை ஓடிக்கொண்டிருப்பது பழைய பதிப்புதான். கடையில் நாள்கணக்கில் குரோம் திறந்தே கிடந்தால் ஓட்டையும் அத்தனை நாள் திறந்தே கிடக்கும். காலையில் கடை திறந்ததும் ஒருமுறை மூடித் திறப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்

மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்களை வெளியிடுகிறது. நம் ஊர் நேரத்தில் அது இரவு என்பதால் புதன்கிழமை வேலை என்று வையுங்கள். ஏன் அவசரம்? அப்டேட் வெளியானதும் தாக்குபவர்களும் அதைப் பிரித்துப் பார்க்கிறார்கள். எந்த இடம் மாறியிருக்கிறது என்று பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். ஓட்டையை அடைக்கும் அப்டேட்டே, அதைப் போடாதவர்களைத் தாக்க வழி காட்டுகிறது. 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் வெப்சைட் வழியாக வரவில்லை, நெட்வொர்க் வழியாகப் பரவியது. ஆனால் அது புகுந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே அப்டேட் வந்திருந்தது.

படி 4: பழைய மென்பொருளைத் தூக்குங்கள்

ஃப்ளாஷ் பிளேயரின் காலம் 2020 டிசம்பரோடு முடிந்தது. இருந்தால் அழித்துவிடுங்கள். பழைய ஜாவா, பழைய பிடிஎஃப் ரீடர் எல்லாம் அப்படித்தான். ஃபைல்களைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் வின்ரார் தானாக அப்டேட் ஆகாது. 2019இல் அதில் வெளிவந்த ஒரு ஓட்டை சுமார் 19 ஆண்டுகளாக உள்ளேயே இருந்திருக்கிறது. உங்களிடம் இருப்பது 5.70க்கு முந்தையது என்றால் இன்றே மாற்றுங்கள், புதிதாகப் போடும்போது கடைசிப் பதிப்பையே போடுங்கள்.

படி 5: தினசரி வேலைக்கு அட்மின் கணக்கு வேண்டாம்

சாதாரணக் கணக்கு ஒன்று உருவாக்கி அதில் வேலை செய்யுங்கள். ஏதாவது உள்ளே வந்தாலும் கம்ப்யூட்டர் முழுவதையும் எளிதில் பிடித்துவிட முடியாது. ஒரு விளம்பரத் தடுப்பானும் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: பக்கத்துக்குள் வரும் “அப்டேட்” எல்லாம் பொய்

பிரவுசர்கள் பலமாகிவிட்டதால் இப்போது ஓட்டையைத் தேடுவதைவிட நம்மையே ஏமாற்றுவது தாக்குபவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. “உங்கள் குரோம் பழையது, இங்கே அழுத்துங்கள்” என்று ஒரு வெப்சைட் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடுங்கள். உண்மையான அப்டேட் படி 2இல் சொன்ன இடத்தில்தான் இருக்கும். இன்னொரு வகை, நீங்கள் மனிதர்தானா என்று சோதிப்பதாகச் சொல்லி, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி எதையோ பேஸ்ட் செய்யச் சொல்லும். எந்த நல்ல வெப்சைட்டும் அப்படிக் கேட்காது.

சரி, ஏற்கெனவே ஏதோ நடந்துவிட்டது போலத் தோன்றுகிறதா?

முதலில் நெட் கேபிளைக் கழற்றுங்கள் அல்லது வைஃபையை நிறுத்துங்கள். வேறு ஒரு கம்ப்யூட்டரிலோ போனிலோ மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அதே கம்ப்யூட்டரில் மாற்றினால் புதியதும் திருடுபோகும். முக்கியமான ஃபைல்களின் நகல் வெளியே இருந்தால் விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் நிம்மதி. கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே ஆட்டிவைக்கும் பாட் வகை வைரஸ்களை நீக்கும் இலவசக் கருவிகள் மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் கிடைக்கின்றன. பணம் போயிருந்தால் எதற்கும் காத்திருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பரிவர்த்தனை எண், தேதி, தொகை மூன்றையும் கையில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.