கதவைச் சாத்தும் முன் கருவியைக் கெடுத்துப் பாருங்கள்

செவ்வாய்க் கோளுக்குப் போவதுபோல் ஒத்திகை பார்க்கும் எங்கள் ‘செவ்வாய் நிலையம்’ தாம்பரத்தில் ஒரு மொட்டை மாடி அறை. உள்ளே நான்கு மாணவர்கள், கீழே ஹாலில் தரைக் கட்டுப்பாடு, கருவிகள் எல்லாம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் சரக்கு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான் அவற்றைச் சோதித்துக் கொடுக்கிறேன்.

எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்பது பாதி வேலைதான். ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே கெடுத்து, அப்போது திரையில் என்ன தெரிகிறது என்று நோட்டில் எழுதுங்கள். சென்சார் வயரைப் பிடுங்கினால் பூஜ்யம் காட்டுகிறதா, கடைசி எண்ணிலேயே நிற்கிறதா? பின்னதுதான் மோசம், பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டருக்கு மாறும்போது, சென்சார்களைப் படிக்கும் சின்னக் கம்ப்யூட்டர் போர்டு ரீஸ்டார்ட் ஆனால், கடிகாரம் சரியான நேரத்தோடு எழுகிறதா பாருங்கள். 5 வோல்ட் அடாப்டரை லோடு கொடுத்து அளக்க வேண்டும்; வைஃபை அனுப்பும்போது போர்டு திடீரென்று கூடுதல் கரண்ட் இழுக்கும், மட்டமான அடாப்டர் அங்கேதான் படுக்கும்.

1969 நவம்பரில் அப்போலோ 12 விண்கலம் நிலவுக்குக் கிளம்பியதும் மின்னல் தாக்கி, தரைக்கு வந்த எண்கள் தாறுமாறாயின. ஜான் ஆரன் என்ற இளம் பொறியாளர் அதே மாதிரிக் குழப்பத்தை முன்பு ஒரு சோதனையில் பார்த்திருந்தார். ஒரே ஒரு ஸ்விட்சை மாற்றச் சொன்னார், எண்கள் திரும்பின. நோட்டு அதற்குத்தான்.

கார்பன் டை ஆக்சைடு சென்சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எம்எச்-இசட்19பி போன்றவற்றில் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. 24 மணி நேரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்றின் 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) என்று எடுத்துக்கொள்ளும். ஜன்னல் திறக்கும் வீட்டுக்கு அது சரி. நான்கு பேர் அடைந்து கிடக்கும் அறையில் அளவு ஆயிரத்துக்குக் கீழே இறங்காமலே போகலாம். சென்சார் அதையும் 400 என்று முடிவு கட்டிவிடும். தலை கனக்கும், திரை மட்டும் ‘காற்று சுத்தம்’ என்று சாதிக்கும்! அந்த வசதியை அணைத்துவிட்டு, திறந்தவெளியில் 20 நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டு, கையால் திருத்துங்கள். பக்கத்தில் குனிந்து மூச்சு விடாதீர்கள். ஏசி அறையிலிருந்து எடுத்துப் போனால் நம்மூர்க் காற்றில் வேர்த்துவிடும், பையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து வெளியே எடுங்கள். அளவு 5,000ஐத் தொட்டால் சிமுலேஷனாவது ஒன்றாவது, கதவைத் திறந்துவிட வேண்டும்.

அப்புறம், பயணம் தொடங்கியபின் வரும் பழுது. செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச் சேர, கோள்களின் தூரத்தைப் பொறுத்து சுமார் 3 முதல் 22 நிமிடம் ஆகும். அந்தத் தாமதத்தை நாங்களும் வைக்கிறோம். ஆகவே ‘வேலை செய்யலை சார்’ என்ற ஒற்றை வரியால் பயனில்லை. எத்தனை மணிக்கு நின்றது, கடைசியாக எதைத் தொட்டார்கள், மீட்டரில் என்ன வோல்ட், பதில் வரும்வரை என்ன செய்யப் போகிறார்கள் எல்லாம் முதல் செய்தியிலேயே வர வேண்டும். தரையின் பதிலும் அப்படித்தான்: ‘4.8 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வயரை மாற்று, குறைந்தால் அடாப்டரை மாற்று.’ ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. எந்தப் படியையும் மேலே அனுப்பும் முன், கீழே வைத்திருக்கும் இன்னொரு செட்டில் செய்து பாருங்கள்.